றலியா ஹம்பரா, 8 கியரா 11 கியரா: சண்டிலிப்பாயின் சைக்கிள் தெரிவு

மானிப்பாயிலிருந்து காரைநகர் போகும் வீதியில் சண்டிலிப்பாயைக் கடக்கும் எவருக்கும் இந்த நிலத்தின் குணம் உடனே தெரிந்துவிடும்: ஏற்றம் இல்லை. வயல், வளவு, பனங்கூடல், கோயில் வீதி, மறுபடியும் வயல். வடக்கே கீரிமலை வரை போனாலும் மலை கிடையாது, கேணியும் கடலும்தான். சைக்கிள் ஓட இதைவிட வாய்ப்பான நிலம் வேண்டுமா? அதனால்தான் இங்கே ஒரு சைக்கிள் வாங்குவது வீட்டார் எல்லோரும் கூடிப் பேசி முடிவெடுக்கிற காரியமாக இருந்தது.

அன்றைய கேள்வி ‘றலியா, ஹம்பரா, ரட்ஜா?’ என்பது. மூன்றையும் தூரத்திலேயே இனங்காணலாம். றலியின் செயின்வீலில் கொக்குத் தலைகள் வெட்டியிருக்கும். ஹம்பரின் செயின்வீலில் மனித உருவங்கள் ஓடும். ரட்ஜில் விரித்த கை. ஹம்பரின் முன் போர்க்குக்கு இரண்டு பக்கமும் இரட்டைக் குழாய். அதைக் காட்டியே “ஹம்பர்தான் பாரம் தாங்கும்” என்று சொல்பவர்கள் இருந்தார்கள். “ஓட்டத்துக்கு றலியை வெல்ல ஏலாது” என்று மற்றவர்கள் மறுப்பார்கள். உண்மையில் நொட்டிங்ஹாமில் இருந்த றலி நிறுவனம் 1932இல் ஹம்பரையும் 1943இல் ரட்ஜையும் வாங்கிவிட்டிருந்தது. திண்ணைகளில் நடந்த வாதம் முழுவதும் ஒரே முதலாளியின் பிள்ளைகளைப் பற்றியதுதான்.

ஆனாலும் அந்த வாதம் வீண் என்று நான் சொல்லமாட்டேன். பிறேமையும் சாமான்களையும் தனித்தனியே மதிப்பிடும் பழக்கம் அதில் இருந்தது. பிறேம் என்றால் மூட்டுக்கு மூட்டு இரும்புக் கூடு வைத்துப் பித்தளை ஊற்றி இணைத்த ஸ்ரீல் குழாய். அது உடைந்தால் காஸ் வெல்டிங் கடையில் ஒட்டி எடுக்கலாம். சாமான் என்றால் செயின், பிறீவீல், பெடல், போல்ஸ், பிறேக் கட்டை. இவை தேயும்; மாற்ற வேண்டும். மாற்றும்போதுதான் வில்லங்கம் தெரியும். றலி தன் பெடல் அச்சுக் கோப்பைகளுக்கு அங்குலத்துக்கு 26 புரி வெட்டியது. மற்ற இங்கிலாந்துச் சைக்கிள்களுக்குப் பொதுவாக 24 புரி. ஒன்றின் கோப்பை மற்றதில் ஏறாது. 1970களில் இறக்குமதி இறுகி, உதிரிப்பாகம் தட்டுப்பாடான காலத்தில், எதற்குச் சாமான் கிடைக்கும் என்று திருத்துகிறவரிடம் கேட்டுவிட்டு வாங்கியவர்களே பிழைத்தார்கள்.

அன்று கேட்கப்படாத கேள்வி ஒன்றும் உண்டு: இந்தச் சைக்கிள் யாருடைய உடம்புக்கு? பிறேமின் அளவு 22 அங்குலம் அல்லது 24 அங்குலம். தகப்பனுக்கு அளவாக வாங்கியதில் முழு வீடும் ஓடியது. மகன் பாருக்குக் கீழே காலை விட்டு அரைப் பெடல் அடித்துப் பழகினான். சின்னப் பிள்ளை பாரில், தாய் கரியரில். பெண்பிள்ளைக்கென்று லேடீஸ் சைக்கிள் வந்த வீடுகளில் அவளுடைய பள்ளிக்கூடத் தூரமே மாறிப்போனது. வராத வீடுகளில் அவள் எட்டாத பெடலை எட்டி எட்டி மிதித்தாள். சைக்கிளுக்கு உடம்பைப் பொருத்துவதே அன்றைய வழக்கம்.

1990இல் பொருளாதாரத் தடை வந்ததும் தெரிவு என்ற சொல்லுக்கே இடமில்லாமல் போனது. பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. மோட்டார் சைக்கிள்கள் மண்ணெண்ணெயில் புகைந்தன. சைக்கிள்தான் நோயாளியையும் நெல்மூட்டையையும் விறகையும் சுமந்தது. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் வானொலியை ஓடவிட்டு பி.பி.சி. தமிழோசை கேட்டார்கள். வெளிச்சத்துக்கென்று பூட்டிய சிறு டைனமோ ஊருக்கே செய்தி கொண்டுவந்தது. 1995 ஒக்டோபர் 30 அன்று போரினால் சண்டிலிப்பாயும் அடங்கிய வலிகாமமே இடம்பெயர்ந்தபோது, நாவற்குழிப் பாலத்தை நோக்கி மழைக்குள் நகர்ந்த இலட்சக்கணக்கானவர்களில் பலர் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார்கள். ஓட இடமில்லை, ஹாண்டிலிலும் பாரிலும் கரியரிலும் சாமான் தொங்கியது. அடுத்த ஆண்டு திரும்பி வந்தபோதும் பலருக்கு மிஞ்சிய பெருஞ்சொத்து அந்தப் பிறேம்தான். அது றலியா உள்நாட்டு லுமாலாவா என்று அப்போது யாரும் கேட்கவில்லை.

2009க்குப் பிறகு லீசிங்கில் மோட்டார் சைக்கிள்கள் வந்து குவிந்தன. சைக்கிள்கள் பின்கோடிக்குப் போயின. 2022இல் எரிபொருள் வரிசை சந்திகளைச் சுற்றி நீண்டபோது, தூசி தட்டி, ரியூப் ஒட்டி, காற்றடித்து மறுபடியும் எடுத்தார்கள். சைக்கிள் விலை எக்கச்சக்கமாக ஏறியது. அந்த நெருக்கடியில் சைக்கிள் ஏறிய இளைஞர்களில் சிலர் நெருக்கடி தீர்ந்த பின்னும் இறங்கவில்லை. விடியற்காலையில் வளைந்த ஹாண்டிலும் மெல்லிய ரயருமாகப் பொன்னாலைப் பாலம் தாண்டிக் காரைநகர் கசூரினாக் கடற்கரை வரை போய்வரும் பந்தயச் சைக்கிள்களை இன்று இந்த வீதியிலே பார்க்கலாம்.

இன்றைய கேள்வி அவர்களுடையது. என் மருமகன் அண்மையில் கேட்டான்: “மாமா, ஒண்டு புது அலுமினியப் பிறேம், டிஸ்க் பிறேக், கிளாரிஸ் செற். மற்றது யப்பானில இருந்து வந்த பழைய ஸ்ரீல் பிறேம், ஆனா 105 செற் பூட்டியிருக்கு. எதை எடுக்கிறது?” கனடாவில் இருக்கிற அவனுடைய தமையன் 105தான் என்று அடித்துச் சொல்லிவிட்டாராம். நான் சொன்னது: “முதல் ரெண்டிலயும் ஏறி இருந்து பாரடா தம்பி.”

கிளாரிஸும் 105உம் ஷிமானோ நிறுவனத்தின் கியர் செற்றுகள். அந்தப் படிக்கட்டில் கிளாரிஸுக்குப் பின்னால் 8 பல்லுச்சில்லு, சோராவுக்கு 9, தியாக்ராவுக்கு நெடுங்காலம் 10, 105க்கு 11, இப்போது 12. படி ஏற ஏற நிறை சில நூறு கிராம் குறையும், கியர் மாற்றம் மிருதுவாகும், விலை கூடும். இந்தப் படிகள் மலையுள்ள நாடுகளில் அர்த்தம் மிக்கவை. சண்டிலிப்பாயில் என்ன பயன்? கணக்குப் பார்ப்போம். முன்னால் 46, பின்னால் 18 பல் உள்ள பழைய 28 அங்குல றலி, பெடல் ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 5.7 மீற்றர் போகும். இன்றைய பந்தயச் சைக்கிளில் 34க்கு 13 போட்டால் 5.6 மீற்றர். பாட்டனார் ஓடிய கியர் பேரனின் சைக்கிளுக்குள் அப்படியே இருக்கிறது. ஆகப் பெரிய 50க்கு 11 போட்டால் சுற்றுக்கு 9.7 மீற்றர், நிமிடத்துக்கு 80 சுற்று மிதித்தால் மணிக்கு ஏறக்குறைய 47 கிலோமீற்றர். சோளகம் எதிர்த்து வீசுகிற நாளில் பொன்னாலைப் பாலத்தில் அந்த வேகம் நினைத்தும் பார்க்க முடியாதது. ஆகச் சிறிய 34க்கு 32 மலைக்கானது. அதற்கும் இங்கே வேலையில்லை.

நமக்கு மலை என்றால் காற்றுத்தான். ஆடியில் சோளகம், மார்கழியில் வாடை. எதிர்க்காற்றில் நடுக் கியர்களே வேலை செய்யும். அவற்றின் இடைவெளி நெருக்கமாக இருந்தால் கால் ஒரே சீராகச் சுற்றும். 8 சில்லில் 15 பல்லுக்கு முன்னும் பின்னும் 13, 17 அல்லது 18 என்று தாவ வேண்டும். 11 சில்லு கொண்ட 11–28இல் 13, 14, 15, 17 என்று இறங்கலாம். 105இன் உண்மையான நன்மை இங்கே இதுதான். அதற்கு விலை, மெல்லிய செயினும் கூடிய பராமரிப்பும். கடற்காற்றின் உப்பும் செம்மண் தூசியும் அந்தச் செயினைத்தான் முதலில் தின்னும்.

பிறேமின் கதை வேறு. சாமானைப் பிறகு மாற்றலாம். பொருந்தாத பிறேமை மாற்றவே முடியாது. இன்றைய பிறேம்கள் 48, 50, 52, 54 என்று சென்றிமீற்றர்க் கணக்கில் படிப்படியாக வருகின்றன. சீற்றுக் குழாயின் நீளம் மட்டும் போதாது. பெடல் அச்சிலிருந்து ஹாண்டில் எவ்வளவு உயரம், எவ்வளவு முன்னால் என்ற இரண்டு அளவுகளும் வேண்டும். ஹாண்டில் எட்டவில்லையென்றால் கழுத்தும் முதுகும் முதல் கிழமையிலேயே சொல்லிவிடும். அடுத்தது ரயர் இடைவெளி. வீதிக்கு 25 மில்லிமீற்றர் போதும். வீட்டுக்கு ஒழுங்கையால்தான் போக வேண்டும். ஒழுங்கைக் கல்லுக்கு 32 வேண்டும். 32 நுழையாத பிறேம் இந்த ஊருக்கு ஆகாது. மாரிமழையில் டிஸ்க் பிறேக் நன்றாகப் பிடிக்கும்; ஆனால் எண்ணெயில் இயங்குவதா, கேபிளில் இயங்குவதா என்று கேட்டுத்தான் வாங்க வேண்டும். கேபிளை எந்தக் கடையிலும் மாற்றலாம். பின் கியரைத் தாங்கும் சிறு அலுமினியத் துண்டு பிறேமுக்குப் பிறேம் வேறுபடும். அது முறிந்தால் சைக்கிள் நின்றுவிடும். வாங்கும்போதே மேலதிகமாக ஒன்றைக் கேட்டு வாங்கிவிட வேண்டும். அன்றைய 26 புரிப் பிரச்சினையின் இன்றைய வடிவம் இது.

மருமகனுக்கு ஸ்ரீல் பிறேம் பெரிது. பாருக்கு மேல் கால் விரித்து நின்றால் இடைவெளி இல்லை. அலுமினியப் பிறேம் அளவாக இருந்தது. 32 ரயரும் நுழைந்தது. டிஸ்க் கேபிளில் இயங்குவது. கிளாரிஸையே எடுக்கச் சொன்னேன், மிஞ்சும் காசுக்கு நல்ல ரயரும் இரண்டு ரியூபும் முன்னும் பின்னும் லைற்றும் வாங்கச் சொன்னேன். தமையனுக்கும் விளங்கப்படுத்தினோம்.

அன்று நாங்கள் நீடிப்பைப் பார்த்து வாங்கினோம், உடம்பை மறந்தோம். இன்று பிள்ளைகள் கியரின் இலக்கத்தைப் பார்க்கிறார்கள். திருத்தும் கடையை மறக்கிறார்கள். உடம்பு, திருத்தும் கடை இரண்டையும் சேர்த்துப் பார்க்கும் வாய்ப்பு இப்போதுதான் வந்திருக்கிறது. பெண்பிள்ளைகளுக்கும் உயரத்துக்கு ஏற்ற பிறேம் சந்தையில் கிடைக்கிற காலம் இது. அவர்களை அண்ணனின் சைக்கிளை எட்டி மிதிக்க விடக்கூடாது. ஊர்ச் சைக்கிள் கடைகளில் றிம் நெளிவு எடுக்கப் பழகிய கைகளுக்குக் கியரும் டிஸ்க்கும் பழக அதிக நாள் எடுக்காது; நாங்கள் எங்கள் சைக்கிள்களை அவர்களிடம் கொண்டுபோக வேண்டும், அவ்வளவுதான். உடம்புக்குப் பொருந்தும் பிறேம், ஊரில் திருத்தக்கூடிய சாமான்: சண்டிலிப்பாயில் சைக்கிள் வாங்கும் எவருக்கும் இந்த ஒழுங்கில்தான் சொல்வேன்.