பின்வாசல் வரை வந்த ஐயா

போன வாரம் பினாங்கின் தண்ணீர்மலை முருகன் கோயிலோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து ஜார்ஜ் டவுனுக்குள் வந்தால், ஃபார்க்குவார் தெருவில் கடலை ஒட்டி வெள்ளை வெளேரென்று நிற்கிறது ஈஸ்டர்ன் அண்ட் ஓரியண்டல் ஓட்டல். உள்ளூர்க்காரர்களுக்கு 'ஈ அண்ட் ஓ'. வாடகையைக் கேட்டதும் வீட்டுக்காரி, "இந்தக் காசுக்கு உங்க ஐயா மூணு வருஷக் கணக்கையும் முடிச்சிட்டு ஊருக்கே வந்திருப்பாரே" என்றாள். தப்பில்லை. ஆனாலும் அறை போட்டேன்.

எங்கள் ஐயா, அதாவது அப்பாவின் அப்பா, 1920களின் கடைசியில் ரஜூலா கப்பலில் பினாங்குக்குப் போனவர். பினாங்குத் தெருக் கிட்டங்கி ஒன்றில் அடுத்தாள், அதாவது ஏஜெண்டுக்கு அடுத்த நிலை ஆள். மூன்று வருஷ வேலைத் தவணையைத்தான் 'கணக்கு' என்பார்கள். கிட்டங்கி என்றால் நீளமான ஒரே கூடம். ஒவ்வொரு வட்டிக் கடைக்கும் ஒரு பெட்டி, ஒரு சாய்வு மேசை, உட்காரப் பாய். பகலில் கொடுக்கல் வாங்கல், ராத்திரி அதே இடத்தில் படுக்கை. இந்த ஓட்டலின் சமையல்கட்டில் வேலை பார்த்த இரண்டு மூன்று பேர் அவரிடம் கடன் வாங்கியிருந்தார்களாம். சம்பள நாளன்று பின்வாசலில் போய் நின்று வட்டியை வாங்கிக்கொண்டு திரும்புவார். முன்வாசல் படியை அவர் மிதித்ததில்லை. அந்தக் காலத்தில் உள்ளே தங்கியவர்கள் பெரும்பாலும் துரைமார்களும் தோட்ட முதலாளிகளும்தான்.

முன்வாசல் வழியாகப் போனால் தலைக்கு மேல் ஒரு குவிமாடம். அதற்கு நேர் கீழே நின்று கை தட்டினால் சத்தம் நம் காதுக்கே திரும்பி வந்து அறைகிறது; இரண்டடி தள்ளி நின்றால் ஒன்றுமே இல்லை. பக்கத்தில் நின்ற குழந்தைகளோடு சேர்ந்து நானும் தட்டிப் பார்த்தேன்.

இந்த ஓட்டலைக் கட்டி நடத்தியவர்களும் ஐயாவைப் போலவே பிழைக்க வந்தவர்கள்தான். பாரசீகத்து இஸ்ஃபஹானிலிருந்து வந்த ஆர்மீனியர்கள்: மார்ட்டின், டிக்ரான், அவியத், அர்ஷாக் என்று நான்கு சகோதரர்கள், சார்க்கீஸ் குடும்பம். மார்ட்டினும் டிக்ரானும் 1885-இல் ஈஸ்டர்ன் ஓட்டலைத் தொடங்கினார்கள். பிறகு ஓரியண்டல் ஓட்டலும் கைக்கு வர, இரண்டும் சேர்ந்துதான் இந்தப் பெயர். 1887-இல் சிங்கப்பூரில் ராஃபிள்ஸ், 1901-இல் ரங்கூனில் ஸ்ட்ராண்ட். அண்ணன் தம்பிகளே ஆளுக்கொரு ஊரில் உட்கார்ந்து தொழில் பார்ப்பது நம் செட்டிநாட்டுக் கடைகளுக்குப் புதிதல்ல.

பினாங்கைக் கவனித்துக்கொண்டவர் கடைசித் தம்பி அர்ஷாக். விஸ்கி நிரம்பிய கோப்பையைத் தலையில் வைத்துக்கொண்டு, ஒரு சொட்டும் சிந்தாமல் நடனமாடுவார் என்பது ஊர்ப் பேச்சு. கையில் காசில்லாத விருந்தாளிகளின் பில்லைக் கிழித்துப் போட்டுவிடுவாராம். கிட்டங்கியில் இவரால் ஒரு மாதம் தாக்குப்பிடித்திருக்க முடியாது. அந்தத் தாராளத்தின் நடுவிலும் 1920களில் கட்டடத்தை இழுத்து இழுத்துப் பெரிதாக்கினார். 842 அடிக் கடல் முகப்பு என்று விளம்பரமும் நடந்தது. அப்புறம் உலகப் பொருளாதார மந்தம். ரப்பர் விலை விழுந்தது, தோட்டக்காரர்கள் கையில் பணமில்லை. 1931 தொடக்கத்தில் அர்ஷாக் இறந்தார். அதே ஆண்டு சார்க்கீஸ் சகோதரர்களின் நிறுவனம் திவாலானது. ரப்பரை நம்பிக் கடன் கொடுத்த செட்டியார் கடைகளுக்கும் அதே அடிதான். ஐயா பாதிக் கணக்கில் ஊர் திரும்பியதும் அந்த வேளையில்தான்.

அதற்குப் பிறகு ஓட்டல் பல கை மாறியது. 1990களில் மூடிக் கிடந்து, 2001-இல் புதுப்பித்துத் திறந்தார்கள். ஹெர்மன் ஹெஸ்ஸே, சாமர்செட் மாம், நோயல் கவர்ட் எல்லாம் தங்கிய இடம் என்று பெருமையாகச் சொல்கிறார்கள், சொல்லட்டும். சமையல்கட்டில் நின்ற நம் ஆட்களின் பெயரை மட்டும் நான் பார்த்த எந்தச் சுவரிலும் காணோம். துரைமார் எழுதி வைத்தார்கள், நம்மவர்கள் எழுதியதெல்லாம் வட்டிக் கணக்கு. அதுவும் பாதி கறையானுக்குப் போயிற்று.

மீதிப் பாதி உங்கள் வீட்டுப் பரணில் இருக்கலாம். பினாங்குக் கிட்டங்கிக் கணக்கு ஏடோ, கப்பல் சீட்டோ, கடிதமோ கிடைத்தால் பழைய பேப்பர்காரரிடம் போட்டுவிடாதீர்கள். ஒரு வரி எழுதி இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். அடுத்த வாரம் ரங்கூன்.

(தொடரும்)