பல்கலைக்கழகம் உண்மைதான், அது தரும் படிப்பு செல்லுமா?

2017 நவம்பர் 3. ஒடிசா அரசின் நீரேற்றுப் பாசனக் கழகம் தொடுத்திருந்த மேல்முறையீட்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. ராஜஸ்தானில் இரண்டு, அலகாபாத்தில் ஒன்று, சேலத்தில் ஒன்று என நான்கு நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் தொலைநிலைக் கல்வி வழியாகப் பொறியியல் பட்டம் வழங்கியிருந்தன. 2001 முதல் 2005 வரையிலான கல்வியாண்டுகளில் சேர்ந்தவர்களின் பட்டங்களை நீதிமன்றம் நிறுத்திவைத்தது. அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) நடத்தும் தேர்வில் தேறினால் மட்டுமே அவை பிழைக்கும். அதற்குப் பின் சேர்ந்தவர்களின் பட்டங்கள் அடியோடு ரத்து. வாங்கிய கட்டணத்தைத் திருப்பித் தரவும், பின்தேதியிட்டு அனுமதி கொடுத்த அதிகாரிகளை சிபிஐ விசாரிக்கவும் உத்தரவானது. ஆனால் வேலைக்குப் போய்க்கொண்டே இரவில் படித்துப் பட்டம் வாங்கி, அதைக் காட்டிப் பதவி உயர்வு பெற்றவர்களுக்குக் கட்டணம் திரும்பக் கிடைப்பதால் என்ன ஈடாகிவிடும்?

இந்த நான்கும் போலிப் பல்கலைக்கழகங்கள் அல்ல. முறையாக அந்தஸ்து பெற்றவை. அவை நடத்திய குறிப்பிட்ட படிப்புக்குத்தான் அனுமதி இல்லை.

பிளஸ் டூ முடிவு வந்ததும் வீடுகளில் நடக்கும் பேச்சில் தவறிப்போவது இதுதான். "யுஜிசி அங்கீகாரம் இருக்கா?" என்று ஒரு கேள்வி கேட்பார்கள். "இருக்கு" என்று பதில் வந்ததும் மனம் நிறைந்துவிடுகிறது. அங்கீகாரம் என்பது நிறுவனத்துக்கு ஒருமுறை கொடுத்துவிட்டால் அதன் எல்லாப் படிப்புகளுக்கும் தானாகப் போய்ச் சேர்ந்துவிடும் ஒன்றல்ல. எந்தப் படிப்பு, எந்த முறையில், எந்த ஆண்டில், எந்த வளாகத்தில் என்று தனித்தனியாகப் பார்க்க வேண்டியது அது.

1956ஆம் ஆண்டின் பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) சட்டத்தின் பிரிவு 22, பட்டம் கொடுக்கும் உரிமை யாருக்கு என்று வரையறுக்கிறது. நாடாளுமன்றமோ சட்டமன்றமோ இயற்றிய சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம், நிகர்நிலை அந்தஸ்து பெற்ற நிறுவனம், நாடாளுமன்றச் சட்டத்தால் சிறப்பு அதிகாரம் பெற்ற நிறுவனம் ஆகிய மூன்றுக்கு மட்டுமே அந்த உரிமை. கொடுக்கும் பட்டத்தின் பெயரும் அரசிதழில் யுஜிசி வெளியிட்ட பட்டியலில் இருக்க வேண்டும். எம்.ஃபில் இதற்கு அண்மைய உதாரணம். 2022ஆம் ஆண்டு விதிமுறைகளோடு அந்தப் பட்டம் நிறுத்தப்பட்டது. அதன் பிறகும் சில பல்கலைக்கழகங்கள் விண்ணப்பம் கேட்டுக்கொண்டிருந்ததால், இனி யாரும் அதில் சேர வேண்டாம் என்று 2023 டிசம்பரில் யுஜிசி மாணவர்களை எச்சரிக்க வேண்டிவந்தது.

தொழிற்படிப்பு என்றால் இன்னொரு கதவும் உண்டு. சட்டத்துக்கு பார் கவுன்சில், மருந்தியலுக்கு ஃபார்மசி கவுன்சில், ஆசிரியர் பயிற்சிக்கு என்சிடிஇ, செவிலியர் படிப்புக்கு நர்சிங் கவுன்சில். பொறியியலில் கொஞ்சம் சிக்கல் அதிகம். சட்டத்தால் உருவான பல்கலைக்கழகம் தன் சொந்தத் துறையில் தொழில்நுட்பப் படிப்பைத் தொடங்க ஏஐசிடிஇ முன்அனுமதி பெற வேண்டியதில்லை என்று திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழக வழக்கில் 2001இல் உச்ச நீதிமன்றம் கூறியது. அதே பல்கலைக்கழகத்தோடு இணைவு பெற்ற கல்லூரிக்கு அந்த அனுமதி வேண்டும். சேரப்போவது பல்கலைக்கழகத் துறையிலா, இணைவுக் கல்லூரியிலா என்று முதலில் தெளிவாக்கிக்கொள்வது அதனால்தான் முக்கியம்.

ஆபத்து அதிகம் இருப்பது தொலைநிலைக் கல்வியிலும் ஆன்லைன் படிப்பிலும்தான். இந்தப் படிப்புகளையே ஒதுக்கிவிட வேண்டும் என்பதல்ல. யுஜிசி அனுமதியோடு தொலைநிலையில் பெறும் பட்டம், வகுப்பறையில் பெறும் அதே பட்டத்துக்கு இணையானது என்று 2020ஆம் ஆண்டு விதிமுறைகளே சொல்கின்றன. வேலை, குடும்பம், பணம் என்று பல காரணங்களால் கல்லூரிக்குப் போக முடியாத லட்சக்கணக்கானோருக்கு இருக்கும் ஒரே வழியும் அதுதான். அதனாலேயே இங்கே ஏமாற்றம் கூடுதலாக வலிக்கிறது. பொறியியல், மருத்துவம், பல் மருத்துவம், செவிலியர், மருந்தியல், பிசியோதெரபி, கட்டடக்கலை, சட்டம் போன்றவற்றைத் தொலைநிலையில் நடத்தவே கூடாது. 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல், நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், உணவு-ஊட்டச்சத்து அறிவியல் போன்றவையும் இந்தத் தடைக்குள் வந்துவிட்டன. முந்தைய ஆண்டில் அண்ணன் படித்த படிப்பைத் தங்கை இந்த ஆண்டு படிக்க முடியாமல் போகலாம்.

பெயர்பெற்ற பல்கலைக்கழகமும் இதற்கு விலக்கல்ல. சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தொலைநிலைப் படிப்புகளுக்கு 2014-15 கல்வியாண்டு வரைதான் அங்கீகாரம் இருந்தது என்று 2022 மார்ச்சில் யுஜிசி பொது அறிவிப்பு வெளியிட்டது. தமிழ்நாட்டில் அந்தப் பெயரை நம்பாதவர் யார்? இடைப்பட்ட ஆண்டுகளில் சேர்ந்து, தேர்வெழுதி, பட்டம் வாங்கிவிட்டவர்கள் அந்த அறிவிப்பைப் படித்தபோது அடைந்த பதற்றம் கொஞ்சமல்ல. யுஜிசியின் தொலைநிலைக் கல்வி அலுவலக (டிஇபி) இணையதளத்தில் எந்தப் பல்கலைக்கழகத்துக்கு, எந்த ஆண்டில், எந்தெந்தப் படிப்புக்கு அனுமதி என்ற பட்டியல் இருக்கிறது. சேர்க்கைக்கு முன் டிஇபி ஐடி பெறுவது 2024 முதல் கட்டாயம். அது இல்லாமலே சேர்த்துக்கொள்கிறேன் என்று ஒரு 'ஸ்டடி சென்டர்' சொன்னால், அங்கே பணம் கட்டக் கூடாது.

அரசு வேலையைக் குறிவைத்துப் படிப்பவர்களுக்கு வேறொரு கண்ணி இருக்கிறது. படிப்பும் செல்லும், பல்கலைக்கழகமும் சரி, பட்டத்தின் பெயர்தான் வேலை அறிவிப்பில் கேட்கும் பெயரோடு ஒத்துப்போகாது. கல்லூரிகள் ஆண்டுதோறும் புதுப்புதுப் பெயர்களில் படிப்புகளைத் தொடங்குகின்றன. டிஎன்பிஎஸ்சி கேட்கும் பாடத்துக்குத் தன் பட்டம் இணையானது என்று சொல்ல விரும்புபவர், அதற்கான அரசாணையைக் காட்ட வேண்டும். அந்த அரசாணை வேலை அறிவிப்பு வெளியான நாளிலோ அதற்கு முன்போ பிறப்பிக்கப்பட்டதாக இருக்க வேண்டும். இணைத்தன்மையைப் பரிசீலிக்கும் பொறுப்பு தமிழ்நாடு மாநில உயர்கல்வி மன்றத்துடையது. சேரும் முன்பே "இந்தப் படிப்புக்கு இணைத்தன்மை அரசாணை உண்டா?" என்று துறைத் தலைவரிடம் கேட்பது சுலபம். படித்து முடித்தபின் தலைமைச் செயலகத்துக்கு அலைவது சுலபமல்ல. பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டம் என்ற வரிசையில் படிக்காமல் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் நேரடியாகப் பெற்ற பட்டத்தை 2009ஆம் ஆண்டு அரசாணை அரசுப் பணிக்கு ஏற்பதில்லை என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும்.

முழுப் போலிகள் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. யுஜிசி தன் இணையதளத்திலேயே பட்டியல் வைத்திருக்கிறது. டெல்லி தரியாகஞ்சின் கமர்ஷியல் யுனிவர்சிட்டி, கேரளத்தின் கிஷநட்டம் செயின்ட் ஜான்ஸ் யுனிவர்சிட்டி எனப் பல ஆண்டுகளாக அதே பெயர்கள் அதில் நீடிக்கின்றன. அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. யுஜிசி சட்டத்தை மீறிப் பட்டம் வழங்கினால் பிரிவு 24 விதிக்கும் உச்ச அபராதம் ஆயிரம் ரூபாய். ஓர் இளைஞரின் மூன்று ஆண்டுகளைப் பறித்தவருக்கு இதுவா தண்டனை? நாடாளுமன்றம் என்றோ திருத்தியிருக்க வேண்டிய பிரிவு இது.

ஏமாந்தபின் என்ன செய்யலாம்? பாட்னாவில் ஒரு பல் மருத்துவக் கல்லூரி, பல்கலைக்கழக இணைவும் பல் மருத்துவக் கவுன்சில் அங்கீகாரமும் இருப்பதுபோல் விளம்பரம் செய்து மாணவர்களைச் சேர்த்தது. இரண்டும் இல்லை. மாணவர்கள் நுகர்வோர் ஆணையத்துக்குப் போனார்கள். கட்டணத்தை வட்டியோடு திருப்பித் தரவும் இழப்பீடு வழங்கவும் 2009இல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. ஆனால் அடுத்த ஆண்டே வேறொரு வழக்கில், பல்கலைக்கழகம் சேவை வழங்குபவர் அல்ல, மாணவர் நுகர்வோர் அல்ல என்று அதே நீதிமன்றம் கூறியது. இந்த முரணை ஆராயும் மேல்முறையீட்டை 2020இல் அது விசாரணைக்கு ஏற்றது. எனவே நுகர்வோர் ஆணையத்தை மட்டும் நம்பி இறங்குவதற்கு முன் வழக்கறிஞரின் ஆலோசனை தேவை.

அதைவிட நேரான வழி ஒன்று உண்டு. யுஜிசியின் 2023ஆம் ஆண்டு மாணவர் குறைதீர்ப்பு விதிமுறைகளின்படி, சேர்க்கை தொடங்குவதற்குக் குறைந்தது 60 நாள் முன்பே கட்டணம், இடங்கள், தகுதி, ஆசிரியர் விவரம் எல்லாம் அடங்கிய தகவல் கையேட்டைக் கல்வி நிறுவனம் வெளியிட வேண்டும். தவறான தகவல் தந்தாலோ, சான்றிதழ்களைப் பிடித்துவைத்தாலோ நிறுவனத்தின் குறைதீர்ப்புக் குழுவிடம் மனு கொடுக்கலாம். குழு 15 வேலைநாட்களில் தன் அறிக்கையைத் தர வேண்டும். திருப்தி இல்லையென்றால் அடுத்த 15 நாட்களுக்குள் பல்கலைக்கழகத்தின் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். யுஜிசியின் இ-சமாதான் தளத்திலும் புகாரைப் பதியலாம்.

"ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துட்டுப் போங்க, மூணு வருஷ ஃபீஸையும் கட்டினாத்தான் தருவோம்" என்று மிரட்டும் கல்லூரிகள் இன்றும் இருக்கின்றன. யுஜிசி விதிப்படி அசலைச் சரிபார்த்துவிட்டு அப்போதே திருப்பித் தர வேண்டும். நகல் மட்டுமே அவர்கள் வைத்துக்கொள்ளலாம். வேறு இடம் கிடைத்து விலகும் மாணவருக்குக் கட்டணம் திரும்பக் கிடைக்கும் உரிமையும் உண்டு. 2024-25ஆம் கல்வியாண்டில் செப்டம்பர் 30க்குள் விலகினால் முழுத் தொகை, அக்டோபர் 31க்குள் விலகினால் அதிகபட்சம் ஆயிரம் ரூபாய் பிடித்தம் என்று யுஜிசி வரையறுத்தது. ஆண்டுதோறும் தேதி மாறுவதால் அந்தந்த ஆண்டின் அறிவிப்பைப் பார்க்க வேண்டும்.

வாய்மொழி உறுதிக்கு எந்த மன்றத்திலும் மதிப்பில்லை. விளம்பரம், தகவல் கையேடு, ரசீது, வாட்ஸ்அப்பில் வந்த பதில் எல்லாவற்றையும் பத்திரப்படுத்த வேண்டும். சந்தேகம் தீரவில்லை என்றால், அரசுப் பல்கலைக்கழகமோ யுஜிசியோ எதுவானாலும் தகவல் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய்க் கட்டணத்தோடு விண்ணப்பிக்கலாம். படிப்பின் பெயர், முறை, கல்வியாண்டு மூன்றையும் குறிப்பிட்டு, அதற்கான அனுமதிக் கடிதத்தின் நகலைக் கேட்க வேண்டும். பதில் தர 30 நாள் அவகாசம் உண்டு என்பதால், பிளஸ் டூ தேர்வு முடிந்த வாரத்திலேயே அந்த விண்ணப்பத்தை அனுப்பிவிடுவது நல்லது.