கிட்டார்ல 20 ஃப்ரெட் எதுக்கு?

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சற்றே சுருக்கப்பட்டது.)

இந்த வாரக் கேள்வி சிவகாசியில இருந்து. அச்சகத்துல வேலை பார்க்குற ஒரு அண்ணன் கேட்டிருக்கார்: "பொண்ணு சர்ச் கொயர்ல கிட்டார் வாசிக்குது. தீபாவளி போனஸ்ல புதுசா ஒண்ணு வாங்கணும். உடம்புல ஒரு பக்கம் வளைச்சு வெட்டின கட்அவே மாடல் வாங்குங்க, அப்பத்தான் மேல் ஃப்ரெட்டுக்குக் கை எட்டும்னு கடையில சொல்றாங்க. விலை கூட. ஆனா பொண்ணு 5-வது ஃப்ரெட்டைத் தாண்டி நான் பார்த்ததே இல்ல. அப்புறம் எதுக்கு 20 ஃப்ரெட்?"

நியாயமான கேள்வி. முதல்ல ஏன் அங்க யாரும் போறதில்லன்னு பார்ப்போம். 12-வது ஃப்ரெட் கம்பியோட பாதி. அங்க அழுத்தினா அதே ஸ்வரம் ஒரு ஸ்தாயி மேல கேட்கும். மேல போகப் போக இடைவெளி குறையும். கம்பி நீளம் 650 மி.மீ. இருந்தா, முதல் கட்டம் 36 மி.மீ.; 20-வது கட்டம் வெறும் 12 மி.மீ. விரல் வைக்கவே சிரமம். அதோட, பெரும்பாலான ஸ்டீல் கம்பி கிட்டார்ல கழுத்து 14-வது ஃப்ரெட்லயே உடம்போட சேர்ந்துடும். முன்னாடி 12-லயே சேர்ந்துடும். பெர்ரி பெக்டல்ங்கிற பேஞ்சோ கலைஞர் கேட்டதால, 1929-ல மார்ட்டின் கம்பெனி 14 ஃப்ரெட் வெளியில இருக்குற மாதிரி ஓ.எம். மாடலைக் கொண்டு வந்தாங்க.

அப்போ மிச்சம் 6 எதுக்கு? ஆறு கம்பியும் சேர்ந்து சுமார் 70 கிலோ விசையில கழுத்தை இழுக்குது. விரல்பலகையை ஒலித்துளை வரை நீட்டி, மேல்பலகையில ஒட்டுறது அந்த இணைப்புக்கு ஒரு பிடிமானம். பலகை அங்க எப்படியும் இருக்கு, ஃப்ரெட்டையும் பதிச்சுடுறாங்க.

இன்னொரு காரணம் கேப்போ. பாடுறவங்க சுருதிக்காக 7-வது ஃப்ரெட்ல கேப்போ மாட்டினா, மேல் ஸ்தாயி 12-ல இல்ல, 19-ல வரும். கிட்டார் 14-லயே முடிஞ்சிருந்தா, கைல மிச்சம் 7 ஃப்ரெட்தான்.

நம்ம வீணையிலயும் இதே கதைதான். ஸ்தாயிக்கு 12 மெட்டு, ரெண்டு ஸ்தாயிக்கு 24. சாரணிக் கம்பியில வாசிப்பு பெரும்பாலும் தார ஸ்தாயி பஞ்சமத்தோட நின்னுடும். அது 19-வது மெட்டு. மேல இருக்குற அஞ்சும் எப்பவாவதுதான். ஆனா அது இல்லன்னா ரெண்டாவது ஸ்தாயி முழுசாகாது.

ஒரு வித்தியாசம் இருக்கு. வீணை மெட்டு மெழுகுல நிக்குது. நகர்ந்தா மெழுகைப் புதுப்பிச்சு திரும்ப அமைச்சுடலாம். கிட்டார் ஃப்ரெட் மரத்துல அடிச்சது. மரம் நகர்ந்தா அதுவும் நகரும். இங்கதான் சிவகாசி வருது. தீப்பெட்டிக்கும் பட்டாசுக்கும் தோதான அந்த வறண்ட காத்து, கிட்டாருக்கு ஆகாது. மரம் காய்ஞ்சா சுருங்கும். ஃப்ரெட் நுனி வெளிய துருத்தும், மேல்பலகை கொஞ்சம் தாழும். ஐப்பசி மழையில ஈரம் ஏறினா மேல்பலகை உப்பும், கம்பி உயரும். கழுத்து உடம்போட சேர்ற இடத்துல பலகை மேடு தட்டினாலும் அதை முதல்ல காட்டிக் கொடுக்குறது இந்த மேல் ஃப்ரெட்டுங்கதான்.

அதனால அண்ணே, கட்அவேக்குக் கூடுதல் பணம் இப்போ வேண்டாம். தங்கச்சி 15-வது ஃப்ரெட்டுக்கு மேல தனியா வாசிக்க ஆரம்பிக்கிறப்போ யோசிக்கலாம். ஆனா வாங்குறப்போ 12-ல இருந்து 20 வரை ஒவ்வொரு ஃப்ரெட்டையும், ஆறு கம்பியிலயும் அழுத்தி மீட்டிப் பாருங்க. கரகரன்னு கேட்டாலோ, சத்தம் செத்துப் போனாலோ, அந்தக் கிட்டார் வேண்டாம். தலைப்பக்கத்துல இருந்து கண்ணை வச்சு, கழுத்து நேரா இருக்கான்னும் பாருங்க. வீட்டுக்கு வந்ததும் பெட்டிக்குள்ளயே வைக்கச் சொல்லுங்க. ஃபேனுக்கு அடியிலயோ, வெயில் அடிக்கிற சுவர்லயோ மாட்டி வைக்க வேண்டாம்.

தங்கச்சி அந்த ஃப்ரெட்டுகளை வாசிக்காம இருக்கலாம். கடையில நீங்க ஒரு தடவை வாசிச்சுப் பார்த்துடுங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.