ஓர் இரவின் ஈரம்

சென்ற ஆயுத பூஜை விடுமுறையில், ஏற்காட்டு மலையில் நண்பர் ஒருவருக்குச் சொந்தமான காப்பித் தோட்டத்தில் கூடாரம் அடித்து, நானும் என் மனைவியும் குழந்தைகள் இருவரும் ஓர் இரவு தங்கினோம். நள்ளிரவு கடந்து ஒரு மணி இருக்கும். மகள் எழுந்து உட்கார்ந்து, “அப்பா, பாயெல்லாம் ஈரமா இருக்குப்பா” என்றாள். விளக்கைப் போட்டுப் பார்த்தேன். ஆசையோடு எடுத்துச் சென்றிருந்த கோரைப்பாயைத் தூக்கியபோது, அதன் அடிப்புறத்தில் நால்வரும் படுத்திருந்த இடம் மட்டும், தோளும் இடுப்பும் பதிந்த அடையாளத்தோடு, ஈரம் ஊறிக் கறுத்துக் கிடந்தது. தலைக்கு மேலே துணியின் உட்புறத்திலோ நீர் முத்து முத்தாகக் கோத்து நின்று, விரல் பட்ட இடத்தில் கோடாக வழிந்தது. நனையாதிருந்த போர்வைகளை மட்டும் வாரிக்கொண்டு, எஞ்சிய இரவைக் காருக்குள் உட்கார்ந்தபடியே கழித்தோம்.

இத்தகைய அனுபவத்துக்குப் பிறகு, இனி மலையும் வேண்டாம் கூடாரமும் வேண்டாம் என்று முடிவு கட்டுவது எளிது. கடைக்குச் சென்று இன்னும் பெரிய கூடாரம், மடக்கு மேஜை, சரம் சரமாக மின்விளக்குகள் என்று வாங்கிக் குவிப்பது அதனினும் எளிது. இவ்விரண்டும் செய்யாமல், அந்த ஈரம் எங்கிருந்து வந்தது என்று விசாரித்து அறிவதே அடுத்த பிரயாணத்துக்குச் செய்யத்தக்க முதல் ஏற்பாடு என்று எனக்குத் தோன்றியது. பகற்பொழுதின் குறைகளைக் குழந்தைகள் பொறுத்துக்கொள்வார்கள். தேநீருக்குச் சர்க்கரை இல்லையென்றால் பெரியவர்களும் பொறுத்துக்கொள்வார்கள். உறக்கம் கெட்ட இரவை ஒருவரும் பொறுப்பதில்லை. ஆகையால் சீர்திருத்தம் எதுவாயினும், அது படுக்கையிலிருந்து, அதிலும் படுக்கைக்குக் கீழே உள்ள நிலத்திலிருந்து தொடங்க வேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

நிலத்தைப் பற்றிய முதல் பாடத்தை அன்று மாலையே ஒரு பெரியவர் எங்களுக்குச் சொல்லியிருந்தார். தோட்டத்துக் காவல்காரரான அவர், நாங்கள் மெத்தென்ற இலைச்சருகு நிறைந்த ஓர் இடத்தைத் தேர்ந்து கூடாரத்தை விரிப்பதைப் பார்த்துவிட்டு, “ஐயா, இங்க வேணாமுங்க. மழை பேஞ்சா தண்ணி இந்த வழியாத்தானுங்க இறங்கும்” என்றார். வானம் தெளிவாக இருந்தது, இருட்டவும் தொடங்கியிருந்தது, “ஒரு ராத்திரிதானே, தாத்தா” என்று என் மகன் சொன்னதற்கு நானும் தலையசைத்துவிட்டேன். சருகு மெத்தென்று திரண்டு கிடக்கும் இடம் பெரும்பாலும் நீர் அடித்துக்கொண்டு வந்து சேர்த்த இடம் என்பதை நான் அப்போது உணரவில்லை. சற்றே சரிவாக, நீர் நில்லாமல் ஓடிவிடக்கூடிய மேட்டுப்பாங்கான இடமே தக்கது. அங்கும் அண்ணாந்து பார்த்து, காய்ந்த கிளை ஏதும் தலைக்கு மேலே தொங்கவில்லை என்று நிச்சயப்படுத்திக்கொள்ள வேண்டும். சரிவில் படுக்கும்போது தலை மேட்டுப் பக்கம் இருக்கட்டும்.

அடுத்த பிழை முழுவதும் என்னுடையது. கூடாரத்தின் அடியில் விரிப்பதற்கென்று ஒரு தார்ப்பாயைக் கொண்டு சென்றிருந்தேன். பெரிதாக இருந்தால் நல்லதுதானே என்று கருதி, கூடாரத்தின் நான்கு புறமும் ஒரு சாண் அகலம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி அதை விரித்தேன். மழை வந்தபோது, கூரையிலிருந்து வழிந்த நீரையெல்லாம் அந்த ஒரு சாண் விளிம்பு தாம்பாளம்போல ஏந்தி, நேராகக் கூடாரத்தின் அடிக்கே கொண்டு சேர்த்தது. தார்ப்பாய்க்கும் கூடாரத்தின் தரைத்துணிக்கும் இடையே நீர் தேங்கிவிட்டால், பிறகு நம் உடலின் பாரமே அதை மேலே பிழிந்து ஏற்றிவிடும். இதை விளங்கிக்கொள்ளக் கூடாரத் துணியின்மேல் அச்சிட்டிருக்கும் ஓர் எண் துணை செய்கிறது. 1500 மி.மீ., 3000 மி.மீ. என்று அதில் குறித்திருப்பது, அத்துணியின்மேல் அவ்வளவு உயரத்துக்கு நீரை நிறுத்தினாலும் கசியாது என்பதற்கு அடையாளம். கூரைக்கு 1500 சாதாரணமாகப் போதும். ஏனெனில் மழைத்துளி கூரையில் தங்குவதில்லை. தரைக்கோ அது போதாது. ஒருவர் முழங்காலை ஊன்றி எழும்போது அந்தச் சிறிய இடத்தின்மேல் விழும் அழுத்தம், அத்தனை உயர நீர்த்தம்பத்தின் அழுத்தத்தை எளிதில் மிஞ்சிவிடும். பாயில் தோளும் இடுப்பும் பதிந்த இடம் மட்டும் கறுத்திருந்ததன் ரகசியம் இதுவே. இப்போது அதே தார்ப்பாயை நாற்புறமும் உள்ளே மடித்து, கூடாரத்தின் அடியைவிட நான்கு விரற்கடை சிறியதாக்கி, மடிப்பைத் தைத்து வைத்திருக்கிறேன். செலவு, நூல் மட்டுந்தான்.

தலைக்கு மேலே கோத்து நின்ற நீரைப் பற்றியும் சொல்ல வேண்டும். அதை மழைநீர் என்றே அன்று நாங்கள் நால்வரும் நம்பினோம். உண்மையில் அது எங்கள் சுவாசம். உறங்கும் மனிதர் ஒருவர் ஓர் இரவில் மூச்சின் வழியாகவும் தோலின் வழியாகவும் ஏறத்தாழக் கால் லிட்டர் நீரை ஆவியாக வெளிவிடுகிறார். நால்வர் உறங்கும் கூடாரத்தில் விடிவதற்குள் ஒரு லிட்டர் நீர் சேர்கிறது என்று கணக்கிடலாம். அது போக வழியில்லாவிட்டால் குளிர்ந்த துணியில் படிந்து துளியாகும். இரட்டைத் துணிக் கூடாரங்களில், ஆவியை வெளியே விடும் மெல்லிய உட்துணியும், மழையைத் தடுக்கும் மேல்துணியும் ஒன்றையொன்று தொடாமல் இடைவெளியோடு நிற்கவேண்டும் என்பதே ஏற்பாடு. நாங்களோ குளிருக்கு அஞ்சிக் காற்றுவழிகளை எல்லாம் ஜிப் போட்டு மூடினோம். நைலான் நனைந்தால் தளரும் சுபாவமுள்ளதாகையால், மாலையில் விறைப்பாக இருந்த மேல்துணி மழையில் தொய்ந்து உட்துணியோடு ஒட்டிக்கொண்டது. குளிர் எவ்வளவு இருந்தாலும் உச்சியிலுள்ள காற்றுவழியைத் திறந்தே வைப்பதும், படுக்கப் போகுமுன் ஒருமுறை வெளியே சென்று கயிறுகளை மறுபடி இழுத்துக் கட்டுவதும் இதற்குரிய பரிகாரங்கள். முளைகளைக் கூடாரத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்த்து அறைந்தால் கயிறு அவற்றைப் பிடுங்காது. ஈர ஆடைகளையும் காலணிகளையும் உள்ளே வைக்காதிருப்பதும் நலம். அவற்றின் ஈரமும் கூரைக்குத்தான் ஏறும்.

குளிரின் கணக்கு வேறு. உயரே செல்லச் செல்ல ஆயிரம் மீட்டருக்குச் சுமார் ஆறரை டிகிரி வீதம் உஷ்ணம் குறைகிறது. சேலம் நகரத்துக்கும் 1500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டுக்கும் இடையே 1200 மீட்டர் ஏற்றம் என்றால், கீழே மின்விசிறியில்லாமல் உறங்க முடியாத இரவில் மேலே எட்டு டிகிரி குறைந்திருக்கும். அக்குளிர் பெரும்பாலும் போர்வையின் வழியாக வருவதில்லை, முதுகின் வழியாக வருகிறது. கம்பளியானாலும், பஞ்சடைத்த தூக்கப்பையானாலும், நமக்கு வெப்பம் தருவது அதன் இழைகளுக்கிடையே அடைபட்டிருக்கும் காற்றே. உடலின் கீழே அகப்பட்ட பகுதியோ நசுங்கி, காற்றெல்லாம் பிதுங்கி, வெறும் துணியாகிவிடுகிறது. மேலே இரண்டு போர்வை கூடுதலாகப் போர்த்தியும் குழந்தைகள் நடுங்கியதற்கு இதுவே காரணம். காற்றடைத்த பெரிய மெத்தை பார்வைக்குச் சுகமாகத் தோன்றினாலும், அதனுள்ளே காற்று சுழன்று உடலின் சூட்டைத் தரைக்கே கொண்டு சேர்ப்பதால், குளிர் நாட்களில் அதனால் பிரயோஜனம் குறைவு. விளையாட்டுப் பயிற்சிக்கு விரிக்கும் ஃபோம் பாய் அதைவிட மேல்: அதன் நுண்ணறைகள் நீரை உறிஞ்சுவதில்லை, நசுங்குவதும் குறைவு. கோரைப்பாயை நான் விலக்கிவிடவில்லை. ஃபோம் பாயின்மேல் விரித்தால் வியர்வை ஒட்டாமல் படுக்க அதுபோல் வேறொன்றில்லை. ஜமக்காளத்தை மட்டும் வீட்டிலேயே விட்டுவிடுவது என்று தீர்மானித்தோம். பருத்தி ஒருமுறை நனைந்தால் மலையில் காய்வதில்லை.

இங்கே ஓர் அபாயத்தை அழுத்திச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன். குளிருக்குப் பயந்து மூடிய அறைக்குள் கரியடுப்பை வைத்துக்கொண்டு உறங்கியவர்கள் காலையில் எழுந்திருக்கவில்லை என்னும் செய்தியை, நீலகிரியின் பனிக்காலத்தில் பல தடவை படித்திருக்கிறோம். அறைக்குச் சொன்னது கூடாரத்துக்கும் பொருந்தும். எரியும் கரியும் எரிவாயு அடுப்பும் வெளிவிடும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. உறங்குகிறவரை அது எழுப்புவதுமில்லை. சமைக்கவோ குளிர்காயவோ, எந்த நெருப்பையும் கூடாரத்துக்குள் கொண்டுவரலாகாது.

ஆகவே மழைக்கென்று தனியே ஒரு சமையலிடம் வேண்டும். பன்னிரண்டடிக்குப் பத்தடித் தார்ப்பாய் ஒன்றை இரு மரங்களுக்கிடையே கயிற்றில் போட்டு, ஒரு புறத்தைத் தாழ்த்தி நீர் வழியச் செய்துவிட்டால், அடுப்புக்கும் ஆட்களுக்கும் போதிய நிழல் கிடைத்துவிடும். சென்ற முறை நாங்கள் மிகவும் ஏங்கியது இதற்குத்தான். உயரத்தில் நீர் தொண்ணூற்றைந்து டிகிரிச் சூட்டிலேயே கொதித்துவிடுவதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக நேரம் பிடிக்கும். சிறிய பிரஷர் குக்கர் ஒன்று, சுமையாகத் தோன்றினாலும், எரிபொருளையும் பொறுமையையும் மிச்சப்படுத்தும். என் மனைவி இம்முறை ரவையை வறுத்துத் தாளித்தே டப்பாவில் அடைத்துவிட்டாள். கொதிநீரில் கொட்டிக் கிளறினால் உப்புமா. முதல் இரவுக்குக் கட்டுச்சோறுதான். மலையேறிச் சென்று, கூடாரம் அடித்துக் களைத்த பொழுதில் சமைக்க முற்படுவதே குடும்பத்தில் மனத்தாங்கலுக்கு முதற்காரணம் என்பதை அனுபவத்தில் கண்டோம்.

சாமான்களைக் குறைக்கும் கலையில் நமக்கெல்லாம் முன்னோடி என்று தாமஸ் ஹைராம் ஹோல்டிங் என்னும் ஆங்கிலேயரைச் சொல்லலாம். சிறுவனாக 1853-ல் பெற்றோருடன் வண்டித்தொடரில் அமெரிக்கப் புல்வெளியைக் கடந்த அவர், பின்னாளில் லண்டனில் தையற்காரராக இருந்து, சைக்கிளில் ஏற்றிச் செல்லத்தக்க மெல்லிய கூடாரங்களைத் தாமே தைத்து, 1901-ல் சைக்கிளில் சென்று முகாமிடுவோருக்கென ஒரு சங்கத்தைத் தொடங்கி, 1908-ல் ஒரு கைந்நூலும் வெளியிட்டார். ஊசியும் நூலும் பிடித்த கைகளுக்கே துணியின் குணம் தெரியும் என்பதாலோ என்னவோ, அவர்மீது எனக்குத் தனி மதிப்பு. எங்கள் வீட்டில் சாமான்களைக் குறைக்கும் வேலையை மகள் ஏற்றுக்கொண்டாள்: நோட்டுப் புத்தகத்தில் கொண்டுபோன பொருள்களை வரிசையாக எழுதி, எடுக்கவே எடுக்காதவற்றைக் கோடிட்டு அடித்தாள். இருபத்து மூன்று பொருள்கள் அடிபட்டன. தேவைப்பட்டும் இல்லாமற்போனவை ஐந்துதான். அவற்றில் முதலாவது, ஆளுக்கொரு டார்ச்சு விளக்கு. இருட்டில் தன் கையில் ஒரு விளக்கு இருந்தால் குழந்தைக்குப் பாதி அச்சம் நீங்கிவிடுகிறது.

இடத்தைப் பற்றிய சட்டத்தையும் முன்கூட்டியே அறிந்திருத்தல் அவசியம். காப்புக் காட்டில் அனுமதியின்றிக் கூடாரம் அடிப்பதும் தீ மூட்டுவதும் குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத்தீ, மலையேறச் சென்ற 20-க்கும் மேற்பட்டோரின் உயிரைக் கொண்டு போனதை நினைப்பவர்கள் அச்சட்டத்தைக் கடுமையானது என்று சொல்லமாட்டார்கள். தனியார் தோட்டமானாலும் உரிமையாளரின் சம்மதம் பெறுவதோடு, யானை நடமாட்டம் உண்டா என்பதையும் உள்ளூர்க்காரரிடம் கேட்டறிய வேண்டும். அட்டைக்கு உப்பும், காலையில் காலணியை உதறிப் போடும் பழக்கமும் போதும்.

திரும்பி வந்த பிறகு செய்யும் வேலையிலேதான் கூடாரத்தின் ஆயுள் இருக்கிறது. ஈரத்தோடு சுருட்டி அலமாரியில் போட்ட துணியில் பூசணம் பூப்பதோடு, நீர் புகாதபடி பூசியிருக்கும் பூச்சும் நாளடைவில் இளகிப் பிசுபிசுத்து, துர்நாற்றம் வீசி உரிந்துவிடுகிறது. மொட்டைமாடியில், கடும் வெயிலில்லாமல் நிழலும் காற்றும் படும்படி இரண்டு நாள் கொடியில் போட்டு, தையல்களைக் கையால் தடவிப் பார்த்து, மண்ணைத் துடைத்து, நன்றாக உலர்ந்த பிறகே மடித்தோம். அச்சமயம்தான் ஒரு மூலைத் தையலில் நாடா விலகியிருந்தது கண்ணில் பட்டது.

கார்த்திகையில் ஒரு மழை இரவைப் பார்த்து, வீட்டுக் கொல்லையிலேயே கூடாரத்தை அடித்து நால்வரும் படுத்தோம். பரீட்சைக்கென்றே செய்த காரியம் அது. ஏதேனும் தவறினால் பத்தடியில் வீடு இருக்கிறது. விடியற்காலையில் மகள் முதலில் எழுந்து, பாயைத் தூக்கி, அடிப்புறத்தைக் கையால் தடவிப் பார்த்து, “காஞ்சிருக்குப்பா” என்றாள். மேல்துணியில் மட்டும் சிறிது பனித்திருந்தது. ஆனால் வெளியே வரப் பார்த்தால் கொசுவலைக் கதவின் ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டு நகர மறுத்தது. அதன் பற்களில் மெழுகுவர்த்தியைத் தேய்க்க வேண்டும் என்று நோட்டில் எழுதியிருக்கிறாள். பொங்கல் விடுமுறைக்கு மலையேறுமுன் செய்யவேண்டியதாக அந்த ஒரு வரிதான் பாக்கி.