நின்ற லொறி குடிக்கும் டீசல்

லொறி ஓடும்போது எரியும் டீசலுக்குக் கூலி வரும். லொறி நிற்கும்போது எரியும் டீசலுக்கு யார் கூலி தருவார்? அமெரிக்காவின் நெடுந்தூர லொறித் தொழில் பல ஆண்டுகளாக விடை தேடி வரும் கேள்வி இது. அங்குள்ள லொறிக் கம்பனிகளில் 90 வீதத்துக்கும் அதிகமானவை 10 லொறிகள் அல்லது அதற்கும் குறைவாக வைத்திருப்பவை. ஆகவே இது பெரும் முதலாளிகளின் பிரச்சினை மட்டுமல்ல, சிறு வியாபாரியின் கணக்குப் புத்தகத்தில் விழும் ஓட்டையும்தான்.

இரவில் எஞ்சின் ஏன் ஓடுகிறது?

அமெரிக்கச் சட்டப்படி சரக்கு லொறிச் சாரதி ஒருவர், வேலை தொடங்கிய 14 மணித்தியாலத்துக்குள் ஆகக் கூடியது 11 மணித்தியாலம்தான் வண்டி ஓட்டலாம். அதன் பின்னர் தொடர்ச்சியாக 10 மணித்தியாலம் ஓய்வெடுக்க வேண்டும். இந்த 10 மணித்தியால ஓய்வு 2004 முதல் நடைமுறையில் உள்ளது. 2017 டிசம்பரின் பின்னர் பெரும்பாலான லொறிகளில் நேரத்தை இலத்திரனியல் கருவியே பதிவு செய்வதால், குறிப்பேட்டில் மாற்றி எழுதித் தப்பவும் முடியாது.

நெடுந்தூரச் சாரதி இந்த ஓய்வை லொறியின் ஆசனத்துக்குப் பின்னாலுள்ள படுக்கை அறையிலேயே கழிக்கிறார். டெக்சாஸ் மாநிலத்தின் கோடையில் குளிரூட்டி இல்லாமல் அங்கே படுக்க முடியாது. மினசோட்டாவின் மாரியிலோ சூடு இல்லாவிட்டால் உயிருக்கே ஆபத்து, தாங்கியிலுள்ள டீசலும் உறையத் தொடங்கிவிடும். இதற்கெல்லாம் அவருக்குத் தெரிந்த இலகுவான வழி, எஞ்சினை விடியும்வரை ஓட விடுவதுதான்.

ஒரு சிறு அறையைக் குளிராக்க 400 குதிரை வலுவுக்கு மேற்பட்ட எஞ்சின் ஓடுகிறது. ஒரு கோப்பைத் தேநீருக்குக் கல்யாணக் கிடாரத்தை அடுப்பேற்றுவது போன்ற வேலை இது.

கணக்கைப் பார்ப்போம்

நின்ற நிலையில் ஓடும் பெரிய லொறி எஞ்சின் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 3 லீற்றர் டீசல் எரிக்கும். ஓர் இரவுக்கு 30 லீற்றர். நெடுந்தூர லொறி ஒன்று வருடத்துக்குச் சுமார் 1,800 மணித்தியாலம் இப்படி ஓடுவதாக அந்நாட்டு எரிசக்தித் திணைக்களம் சார்ந்த மதிப்பீடுகள் கூறுகின்றன. அப்படியானால் ஒரு லொறிக்கு வருடம் 5,400 லீற்றர். லீற்றர் ஒரு டொலர் என்று வைத்துக்கொண்டால், ஒரு சதமும் உழைத்துத் தராத 5,400 டொலர் செலவு.

செலவு டீசலோடு முடிவதில்லை. எஞ்சினும் ஒயிலும் தேய்கின்றன. 2007இல் வந்த புகைக் கட்டுப்பாட்டு விதிகளின் பின்னர் எஞ்சின்களில் கரி வடிகட்டி பொருத்தப்படுகிறது. நின்ற நிலையில் புகைக்குப் போதிய சூடு இல்லாததால் வடிகட்டியில் கரி எரியாமல் சேர்ந்து, கராஜ் செலவாக வந்து நிற்கிறது.

மாற்று வழிகள்

முதலாவது, சிறிய டீசல் சூடாக்கி. தாங்கியிலிருந்து சொட்டுச் சொட்டாக டீசல் எடுத்து எரித்து அறையைச் சூடாக்கும். மணித்தியாலத்துக்குக் கால் லீற்றர் கூடப் பெரும்பாலும் தேவைப்படாது. பொருத்தும் செலவு சுமார் 1,500 டொலருக்குள் அடங்கும். மாரியில் 600 மணித்தியாலம் பாவித்தால் 1,800 லீற்றருக்குப் பதிலாகச் சுமார் 120 லீற்றர்தான் செலவாகும். ஒரே மாரியில் முதல் திரும்பி வந்துவிடும். ஆனால் இது குளிரூட்டித் தராது.

இரண்டாவது, துணை எஞ்சின். லொறியின் சட்டத்தில் பொருத்தும் சிறிய டீசல் எஞ்சின் இது. குளிர், சூடு, மின்சாரம் மூன்றையும் தரும். மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ ஒரு லீற்றர் எரிக்கும். விலை 10,000 டொலர் அளவில். வருடம் 3,600 லீற்றர் மிச்சமானால் முதல் திரும்ப மூன்று வருடத்துக்குச் சற்றுக் குறைவாக எடுக்கும். அதற்கும் ஒயில் மாற்ற வேண்டும், பழுது பார்க்க வேண்டும் என்பதையும் சேர்த்துக் கொள்ள வேண்டும். இதன் எடையால் ஏற்றும் சரக்கு குறையாதிருக்க, 2012ஆம் ஆண்டுச் சட்டம் சுமார் 250 கிலோ வரை மேலதிக எடைக்கு இடமளிக்கிறது.

மூன்றாவது, பற்றரியில் இயங்கும் குளிரூட்டி. பகலில் லொறி ஓடும்போது சார்ஜ் ஏறி இரவில் வேலை செய்யும். சத்தமில்லை, புகையில்லை. நல்ல பற்றரியாக இருந்தால் எட்டு, பத்து மணித்தியாலம் தாங்கும். கடும் வெயிலில் அந்த நேரம் குறையும். சில வருடங்களில் பற்றரி மாற்றும் செலவையும் முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும்.

நான்காவது, தரிப்பிடத்தில் மின்சாரம் கொடுப்பது. இதில் வர்த்தகர்கள் படிக்க வேண்டிய ஒரு பாடம் இருக்கிறது.

ஐடில்எயார் சொல்லும் பாடம்

டெனசி மாநிலத்தின் நொக்ஸ்வில் நகரில் 2000ஆம் ஆண்டில் ஐடில்எயார் என்ற கம்பனி தொடங்கப்பட்டது. லொறித் தரிப்பிடங்களில் இரும்புச் சட்டம் அமைத்து, ஒவ்வொரு தரிப்புக்கும் மேலே குளிரூட்டி வைத்து, குழாய் மூலம் லொறியின் யன்னல் வழியாகக் காற்று அனுப்பியது. தொலைக்காட்சி, இணைய வசதியும் கிடைத்தன. சாரதிகளுக்கு அது பிடித்தும் இருந்தது. சுமார் 130 இடங்கள் வரை பரவிய அந்தக் கம்பனி 2008 மே மாதம் வங்குரோத்துப் பாதுகாப்புக் கோரியது. 2010 ஜனவரியில் சேவை நின்றது. அதே ஆண்டில் வேறொரு கம்பனி அதைச் சிறிய அளவில் மீண்டும் தொடங்கியது.

டீசல் விலை உச்சத்துக்கு ஏறிய 2008இலேயே டீசலை மிச்சப்படுத்தும் கம்பனி விழுந்தது ஏன்? முதலீடு முழுவதும் முன்கூட்டியே நிலத்தில் புதைக்கப்பட்டது. வருமானமோ மணித்தியாலக் கணக்கில் சில்லறையாக வந்தது. கம்பனி தொடங்கிய காலத்தில் டீசல் ஒரு கலன் ஒன்றரை டொலர் அளவில்தான் இருந்தது. அப்போது எஞ்சினை ஒரு மணித்தியாலம் ஓட விட ஒரு டொலருக்குச் சற்று அதிகமாகவே செலவாகும். மலிவான டீசலோடு போட்டியிடும் சேவைக்கு அதிக விலை வைக்க முடியாது. அத்துடன், ஓய்வு நேரம் எங்கே தொடங்குகிறதோ அங்கேதான் சாரதி நிறுத்துவார். சேவை உள்ள இடம் தேடி அவர் போகமாட்டார். பொருள் நல்லதாக இருந்தாலும், கடன் முந்தி வாடிக்கையாளர் பிந்தினால் வியாபாரம் நிற்காது.

டீசல் யாருடைய பணம்?

கருவிகள் இருந்தும் எல்லோரும் ஏன் பொருத்தவில்லை? சாரதிக்குக் கூலி மைல் கணக்கில், டீசல் முதலாளியின் பணத்தில். எஞ்சினை நிறுத்தினால் வியர்ப்பவர் சாரதி, மிச்சம் பிடிப்பவர் முதலாளி. கருவி எதுவும் தராமல் 'எஞ்சினை ஓட விடாதே' என்று மட்டும் உத்தரவிடும் முதலாளி, தூக்கமில்லாத மனிதரிடம் மறுநாள் 36 தொன் வண்டியை ஒப்படைக்கிறார். ஒரு விபத்து பல வருட மிச்சத்தையும் விழுங்கிவிடும்.

இதை உணர்ந்த கம்பனிகள் கருவியும் பொருத்தி, மிச்சத்தில் ஒரு பங்கைச் சாரதிக்குக் கொடுப்பனவாகவும் வழங்குகின்றன. எஞ்சின் எத்தனை மணித்தியாலம் சும்மா ஓடியது என்பதை லொறியின் கணினியே சொல்லிவிடும். சட்டமும் நெருக்குகிறது. கலிபோர்னியாவில் ஐந்து நிமிடத்துக்கு மேல் எஞ்சினை ஓட விட்டு நிறுத்தி வைக்கக் கூடாது என்ற விதி, 2008 முதல் படுக்கை அறை கொண்ட லொறிகளுக்கும் பொருந்துகிறது. மீறினால் தண்டம் 300 டொலரில் தொடங்கும்.

நமக்கு என்ன?

நமது தூரங்கள் குறைவு, நமது லொறிகளும் வேறு. ஆனால் 2022இல் டீசலுக்காக நாட்கணக்கில் வரிசையில் நின்ற நாட்டில், ஒரு லீற்றரின் பெறுமதியை யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சாமான் இறக்கும் வரை ஓடும் லொறியானாலும், கடைக்குப் பின்னால் தேவைக்கு மேல் ஓடும் ஜெனரேட்டரானாலும் முறை ஒன்றுதான். தாங்கியை நிரப்பிவிட்டு, நின்ற நிலையில் ஓடிய நேரத்தைக் குறித்து, மீண்டும் நிரப்பிப் பாருங்கள். மணித்தியாலத்துக்கு எத்தனை லீற்றர் என்று தெரிந்துவிடும். அதை வருடத்துக்குப் பெருக்குங்கள். மாற்றுக் கருவியின் விலையை அந்தத் தொகையால் வகுத்தால், முதல் திரும்ப எத்தனை வருடம் என்பது வரும். ஒரு வருடத்துக்குள் திரும்பும் சிறிய செலவை முதலில் செய்யுங்கள், மூன்று வருடம் எடுக்கும் பெரிய செலவை யோசித்துச் செய்யுங்கள். எதைச் செய்வதற்கு முன்னரும் வண்டி ஓட்டுபவரையும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேளுங்கள். இரவில் அந்த வண்டிக்குள் இருப்பவர் அவர்தான்.