ஊக்கத்துக்குக் குறைவில்லை, பாக்கிதான் வரவில்லை

சிறுதொழில் வெற்றிக்கும் முதலாளியின் ஊக்கத்துக்கும் உள்ள தொடர்பு இந்தியாவில் நேரடியாகச் சோதிக்கப்பட்ட ஊர் ஆந்திரத்தின் காக்கிநாடா. 1960களில் அங்குள்ள வியாபாரிகளுக்கும் சிறுதொழில் நடத்துவோருக்கும் அமெரிக்க உளவியலாளர்கள் பயிற்சி அளித்தனர். கண்மூடித்தனமாகத் துணியாமல், எட்டக்கூடிய இலக்கை வைத்துக்கொண்டு, போன தூரத்தை அவ்வப்போது அளந்து பார்க்கப் பழக்குவதே அதன் சாரம். அடுத்த இரண்டு ஆண்டுகளில், பயிற்சி பெற்றவர்கள் மற்றவர்களைவிட அதிகமாக முதலீடு செய்தனர். கூடுதல் ஆட்களை வேலைக்கு வைத்தனர். தொழிலில் தாமே முடிவெடுக்கும் நிலையில் இருந்தவர்களிடம்தான் இந்தப் பலன் துலக்கமாகத் தெரிந்தது.

முடிவெடுக்கும் அந்த உரிமை பறிபோனால் என்ன ஆகும் என்பதைத் திருப்பூரில் கூலிக்கு ஆடை தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் யூனிட்டுகள் காட்டுகின்றன. ஓவர்லாக் மிஷினில் பல வருடம் தைத்துப் பழகிய டெய்லர், நகையை அடகு வைத்து நாலைந்து மிஷின் வாங்கி, சொந்தமாக ஜாப் ஒர்க் எடுக்கிறார். துணி ஆர்டர் கொடுப்பவருடையது. இவருக்குத் தையல் கூலி மட்டும். பீஸ் வண்டியேறி, பில் போன பிறகும் பணம் மாதக்கணக்கில் இழுக்கிறது. தன்னிடம் வேலை செய்யும் டெய்லருக்கும், உதவிக்கு நிற்கும் கைமடிக்கும் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தே ஆக வேண்டும். கைமாற்று, பிறகு வட்டிக்கடன். கடன் ஏறியதும், கட்டுபடியாகாத ரேட்டுக்கு வரும் ஆர்டரைக்கூடத் தட்ட முடிவதில்லை.

கணக்கு வழக்கைச் சரியாகப் பார்க்காததே நஷ்டத்துக்குக் காரணம் என்போரும் உண்டு. ஆனால் வராத பணத்தை எந்தக் கணக்கும் வரவழைக்காது.

சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. குறு, சிறு நிறுவனங்களுக்கு எழுத்து ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாளில், இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டுவட்டி. கெடு தாண்டிய பாக்கியை, கொடுத்து முடிக்கும் ஆண்டில்தான் வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்டலாம் என்ற திருத்தமும் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. இருந்தும் யூனிட்காரர் புகார் கொடுக்கத் தயங்குகிறார். கொடுத்தால் அடுத்த ஆர்டர் கிடைக்காது.

தொழில்முனைவோர் பயிற்சியில் திட்ட அறிக்கைக்கும் மானியத்துக்கும் தரும் இடம் பாக்கி வசூலுக்கும் வேண்டும். சட்டத்தின் கெடுவை, பாதிக்கப்பட்டவர் கேட்காமலே அரசு கண்காணிக்க வேண்டும். செய்த வேலைக்கான கூலி நாள் தவறாமல் வந்தால்தான், ஒருவர் ஊக்கத்தோடு தொடங்கிய தொழிலை அவரே முடிவெடுத்து நடத்த முடியும்.