வீடும் விதியும் – 14: சுவருக்குள் ஒரு ஜன்னல்

பக்க இடைவெளியை அடைத்து ஷீட் போட்ட வீட்டுக்கு, மீறலை அகற்றச் சொல்லி நகர் ஊரமைப்புச் சட்டத்தின் 56ஆம் பிரிவு நோட்டீஸ் வந்ததோடு போன வாரம் நிறுத்தினேன். பதில் எழுதும் முறையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அதற்கு முன், வாரம் முழுக்க என் மனதைவிட்டு அகலாத ஒரு ஜன்னலைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

அது இருப்பது நியூயார்க்கில், ஆர்ச்சர்ட் தெரு 97ஆம் எண் கட்டடத்தில். 1863இல் எழும்பிய ஐந்தடுக்குக் குடியிருப்பு. ஒரு குடித்தனத்துக்கு மூன்று அறை. மூன்றும் சேர்ந்தே சுமார் 325 சதுர அடி. வெளிப்பக்கம் பார்த்த ஓர் அறைக்கு மட்டும்தான் வெளிச்சம். நடுவிலிருந்த சமையலறையும் அதற்கு உள்ளே ஒடுங்கிய படுக்கையறையும் பகலிலேயே இருட்டு. கட்டிய காலத்தில் அது விதிமீறலே கிடையாது.

1901இல் வந்த குடியிருப்புச் சட்டம் பழைய கட்டடங்களையும் விட்டுவைக்கவில்லை. இருட்டறைக்கு வெளிச்சம் கொடு, நடையில் விளக்கு வை, கொல்லையிலுள்ள பழைய கழிப்பறையை மாற்று என்றது. கழிப்பறையை மாற்ற மறுத்து கேட்டி மோஷன் என்ற வீட்டுக்காரப் பெண்மணி நீதிமன்றப் படியேறினார். 1904இல் மாநில மேல்முறையீட்டு மன்றத்தில் தோற்றார். 1906இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்திலும் தோற்றார். கட்டி முடித்த வீட்டையும் உடல்நலத்துக்காகத் திருத்தச் சொல்லலாம் என்பது அப்போது உறுதியானது.

97ஆம் எண்ணில் என்ன செய்தார்கள்? நடு அறைக்கு வெளிச்சுவரே இல்லை. ஆகவே முன்னறைக்கும் சமையலறைக்கும் இடைப்பட்ட சுவரை உடைத்து ஜன்னல் வைத்தார்கள். வீட்டுக்குள்ளேயே, ஓர் அறை இன்னோர் அறையைப் பார்க்கும் ஜன்னல்! 1935 வாக்கில் தீப்பாதுகாப்பு விதிகள் கடுமையாயின. மாற்றிக் கட்டும் செலவை ஏற்காத உரிமையாளர் குடித்தனக்காரர்களை வெளியேற்றி மேல்தளங்களைப் பூட்டினார். கீழே கடைகள் மட்டும் நடந்தன. அரை நூற்றாண்டு கழித்து, 1988இல் அருங்காட்சியகம் அமைக்க வந்தவர்களுக்குப் பழைய வீடுகள் அப்படியே கிடைத்தன. சுமார் 7,000 பேர் வாழ்ந்துபோன கட்டடம் அது. அந்த உள்ஜன்னலை இன்றும் பார்க்கலாம்.

வெளியே விடாத இடத்துக்காக உள்ளே சுவரை உடைக்க நேர்ந்த கதை இது. நம் ஊரில் வீட்டைச் சுற்றி விடச்சொல்லும் இடைவெளியை ‘வீணாகப் போகும் மனை’ என்று மேஸ்திரி சொல்லும்போதெல்லாம் எனக்கு இனி அந்த ஜன்னல்தான் நினைவுக்கு வரும்.

மேற்கு மாம்பலத்தில் என் சித்தி வீட்டு அடுப்படியில் நண்பகலிலும் டியூப்லைட் எரியும். பக்கத்து வீட்டார் இடைவெளியில் ஷீட் போட்டு, கீழே ஒரு குளியலறையும் கட்டியிருந்தார்கள். நோட்டீஸ் வந்ததும் அவர்களே ஆள் வைத்து இரண்டே நாளில் பிரித்துவிட்டார்கள். அன்று மாலை சித்தி போன் செய்தார். “அடுப்பு மேல வெயில் விழுதுடா!”

இனி நோட்டீஸுக்கு வருவோம். கையில் வாங்கியதும் மீறலை மூன்றாகப் பிரியுங்கள்.

ஒன்று, கழற்றக்கூடியது: ஷீட், இடைவெளியில் முளைத்த கழிப்பறை. நீங்களே அகற்றிப் படமெடுத்து, கடிதத்தோடு கொடுங்கள். செலவும் அலைச்சலும் மிகக் குறைவான வழி இதுதான்.

இரண்டு, பிளானில் இல்லாவிட்டாலும் விதிக்குள் அடங்குவது. தமிழ்நாட்டின் 2019 கட்டட விதிகளின்படி சாதாரணக் கட்டடத்துக்குத் தளப்பரப்புக் குறியீடு 2. அதாவது மனையின் பரப்பைப்போல இரு மடங்கு வரை கட்டலாம். இடைவெளிகளும் சரியாக இருந்தால், பின்னால் எழுப்பிய மாடி அறை இதற்குள் அடங்கக்கூடும். நோட்டீஸ் தரும் கெடுவுக்குள், கட்டியதை வைத்துக்கொள்ள அனுமதி கேட்டு 56ஆம் பிரிவின் கீழேயே விண்ணப்பிக்கலாம். முடிவு வரும்வரை நோட்டீஸ் நிறுத்திவைக்கப்படும்.

மூன்று, எதற்குள்ளும் அடங்காதது. “அப்புறம் பணம் கட்டி முறைப்படுத்திக்கலாம் சார்” என்ற பேச்சை நம்பிக் கட்டியவை பெரும்பாலும் இந்த வகை. அதே சட்டத்தில் முறைப்படுத்த இடம் தரும் பிரிவுகளுக்குக் கெடு தேதி உண்டு. 113-ஏ பிரிவுக்கு அது 1999 பிப்ரவரி 28. 113-சி பிரிவுக்கு 2007 ஜூலை 1. அதற்குப் பிறகு கட்டியவருக்கு இந்த இரண்டு கதவும் திறக்காது. முதல் திட்டத்தையே ஒருமுறை மட்டும் தரும் சலுகை என்றுதான் 2000இல் உச்ச நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

கடிதத்தின் வாசகமும் இணைக்க வேண்டிய தாள்களும் அடுத்த வாரத்துக்குப் போகின்றன. அதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். பீரோவில் இருக்கும் அப்ரூவல் பிளானை எடுத்து, டேப்பைப் பிடித்து, நான்கு பக்க இடைவெளியையும் அளந்து குறித்து வையுங்கள். பக்கத்து வீட்டு அடுப்படி ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

(தொடரும்)